சோளத்தட்டுத் தண்ணீர்

முதுகில் மாட்டிய டேங்கின் வார் தோளை அறுத்துக்கொண்டிருப்பது மயிலாத்தாளுக்குத் தெரியாமல் இல்லை. அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் நிற்க வேண்டும், நின்றால் கை நிற்கும், கை நின்றால் மனசு மறுபடியும் மோட்டார் ரூமுக்குள் போய் நின்றுகொள்ளும். அதனால் இடது கையால் பம்பு அடித்தபடி, வலது கையில் குழலைத் தாழப் பிடித்தபடி, வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தாள். சோளத்தட்டுத் தண்ணீர் புகையாகப் போய்ச் சாரணைக் கொடிமேல் படிந்தது. சாரணை சும்மா படுத்துக்கிடந்தது. மழையில் நனைந்த மாடு மாதிரி அதற்கு ஒரு கவலையும் இல்லை. எத்தனை களை! போட்ட வெங்காயம் தெரியவில்லை, போடாத களை தெரிகிறது. இந்த ஒரு விதைப்புப் பட்டம் மட்டும் ஏன் களை சாகவில்லை என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டாளே, தட்டு முற்றவில்லையோ, ஊறல் போதவில்லையோ, காய்ச்சும்போது தீ கூடிவிட்டதோ என்று, அத்தனைக்கும் பதில் ஒரு யூரியா சாக்குக்குள் கட்டிக்கிடந்தது. காலையில் டேங்குக்கு வாசர் தேடித்தான் மோட்டார் ரூமுக்குப் போனாள். அந்த அறைச் சாவி புருசன் தெய்வசிகாமணியின் அரைஞாணை விட்டு இறங்காது. இன்றைக்குக் குளிக்கும்போது ஆணியில் மாட்டியவர், சந்தைக்குப் போகிற அவசரத்தில் மறந்து போய்விட்டார். பரணில் கைவிட்டுத் துழாவினாள், சாக்கு சரிந்தது, காலடியில் கடகடவென்று பாட்டில்கள் உருண்டன. எல்லாம் ஒரே மாதிரிப் பாட்டில், எல்லாவற்றிலும் ஒரே வெங்காயப் படம். கடைத்தெருவில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் முன்வரிசையில் அடுக்கி வைத்திருப்பானே, வெங்காயத்தை விட்டுவிட்டுக் களையை மட்டும் கருக்குகிற மருந்து, அது. எதிர்ப்பட்ட பெண்களிடமெல்லாம் ‘அந்த விசத்தை வாங்காதீங்க’ என்று இவள் சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அது. வேறு யாருடையதாவது இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். மனசு எப்படியெல்லாம் வக்கீல் வேலை பார்க்கிறது பாருங்கள். யாரோ கொண்டுவந்து போட்டிருப்பார்கள், பழைய இரும்புக்காரனிடம் போட எங்கிருந்தோ பொறுக்கி வைத்திருப்பார், இப்படி. பூட்டிய அறைக்குள் யார் வந்து போடுவார்கள்? பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி மோந்தாள். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு காட்டம் மூக்கில் ஏறியது. சாக்கை மறுபடி கட்டி, இருந்த இடத்திலேயே ஏற்றி வைத்துவிட்டு, ஏன் ஏற்றி வைத்தோம் என்று தெரியாமல் வெளியே வந்து, டேங்கில் தன் தண்ணீரை ஊற்றி முதுகில் மாட்டிக்கொண்டாள்.

ஊற்றும்போது அதன் வாசம் வந்தது. மாட்டுத் தொட்டிக் கழுநீரும் கரும்பாலையும் கலந்த மாதிரி ஒரு புளிப்பு. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், அவளுக்கு அது பிள்ளை வாசம். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சோளத்தட்டுப் போர் போட்ட இடத்தில் மழை பெய்து, போருக்கடியிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் வடிந்து ஓடியதே, அது ஓடின தடமெல்லாம் புல் மஞ்சளடித்துச் செத்துக்கிடந்ததை அவளேதான் பார்த்தாள். ஊரில் எல்லார் கண்ணுக்கும்தான் அது தெரிந்திருக்கும். பார்ப்பது வேறு, நின்று பார்ப்பது வேறு. தட்டை நறுக்கித் தொட்டியில் ஊறப்போட்டாள், வேட்டித் துணியில் வடிகட்டினாள், அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினாள். அப்புறம் முருங்கை இலை. முருங்கைக்காய் விலை கவிழ்ந்து மரத்தைக் கவாத்து வெட்டித் தள்ளிய வருசம், குவிந்து கிடந்த இலையை அரைத்துப் பிழிந்து தண்ணீரில் கலக்கி வெங்காயத்துக்கு அடித்துப் பார்த்தாள். தாள் கருகருவென்று நிமிர்ந்தது. களைக்கு ஒரு தண்ணீர், பயிருக்கு ஒரு தண்ணீர், கடைக்காரனுக்கு ஒரு கும்பிடு. அதற்குப் பிறகு அவள் தோட்டத்தைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வேன் பிடித்துக்கூட வந்தார்கள். அவள் பேசுவாள், தெய்வசிகாமணி எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். ‘எல்லாம் எம்பொண்டாட்டி மூளைங்க, நான் சும்மா டேங்கு தூக்கற ஆளு’ என்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாள் நெஞ்சு நிறைந்து போயிருக்கிறாள். ஊரிலிருக்கிற ஆம்பளைகள் பெண்டாட்டி நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தாலே செருமுகிறவர்கள், தனக்கு வாய்த்தவர் இப்படி என்று மாரியம்மனுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தச் சிரிப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே என்ன இருந்தது? இளக்காரமா? பயமா? குழந்தை மண்ணில் இட்லி சுட்டுக் கொடுத்தால் வாயில் போடுகிற மாதிரி பாவனை செய்வோமே, அதுவா? மூன்றில் அதுதான் தாங்க முடியாதது.

குழல் முனை நாசிலில் தட்டுத் துணுக்கு அடைத்துக்கொண்டது. உதறினாள், ஊதினாள், நாக்கில் துவர்ப்பு ஒட்டியது. எப்போது அடித்திருப்பார் என்று கேள்வி வந்ததும் பதில் பின்னாலேயே வந்து நின்றது. எப்போது என்ன எப்போது? அவள் இல்லாதபோது. அவள் தோட்டத்தில் இல்லாத நாள் எது? தேர்த் திருவிழாவுக்குக்கூடக் காலையில் பாத்திக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுப் போகிறவள் அவள். வருசம் முழுக்க அவள் காட்டில் கால் வைக்காத நாட்கள் மாதத்தில் மூன்று, வீட்டுக்குத் தூரமான நாட்கள். வெங்காயத்துக்குத் தீட்டு ஆகாது, பட்டால் அழுகும் என்று மாமியார் சொல்லிவிட்டுச் செத்துப்போனார். மாமியார் போனபின் கேட்க யாருமில்லை, மருந்துக்கடைப் பெண்ணே தீட்டோடு வந்துதான் உட்காருகிறாள் என்று ஊரில் சிரிப்பார்கள், ஆனாலும் மயிலாத்தாள் அதைக் கடைப்பிடித்தாள். பயத்தால் மட்டுமில்லை, பயிரிடம் ஒரு மரியாதை என்று வைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாது, ஆனால் வெங்காயத்துக்குத் தெரியுமே என்பாள். அந்த மூன்று நாளும் தெய்வசிகாமணி தங்கமாக நடந்துகொள்வார். ‘உன்ற தண்ணிய நானே அடிச்சுப்போடறேன் புள்ள, நீ உள்ள இரு’ என்பார். அவள் காய்ச்சி வைத்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார். நாலாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் களை கருகிச் சுருண்டிருக்கும். குழந்தை மாதிரிக் கைதட்டுவாள். வேலியே பயிரை மேய்ந்த கதை கேள்விப்பட்டிருக்கிறாள், வேலியே களையை மேய்ந்து வைத்த கதையை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாள். சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது, வந்ததும் கால் தடுக்கிப் பாத்திக்குள் விழப் பார்த்தாள். இலை நுனி. களை கருகின கையோடு வெங்காயத் தாளின் நுனியும் வெளுத்துக் கருகியிருக்கும், ஒவ்வொரு தடவையும். முதல் தடவை அதை அவர்தான் காட்டினார். காட்டிவிட்டுக் கேட்டார்: ‘நீ பொறவாசல்ல நின்னு காட்டைப் பாத்தியா புள்ள?’ அவள் பார்த்திருந்தாள். கொடியில் துணி போடும்போது ஒரு கணம், மனசு கேட்காமல். ‘ஆமாங்க’ என்றாள். ‘அதானே’ என்றார், கோபமே இல்லாமல், எவ்வளவு பிரியமாக. ‘சரி உடு, அடுத்தவாட்டி பாக்காதே.’ அடுத்த மாதம் அவள் புறவாசல் கதவையே திறக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்போதும் நுனி கருகியது. கோவிலில் உப்பும் மிளகும் வாங்கிக் கொட்டினாள். அப்போதும் கருகியது. தன் மூச்சிலேயே ஏதோ தோசம் இருக்கிறது என்று நம்பினாள். தன் உடம்பைத் தானே ஒரு விசப் பாட்டில் மாதிரி மூடி வைத்துக்கொண்டு மூன்று நாள் மூலையில் இருந்தாள், அந்த நேரத்தில் அவன் நிசமான விசப் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தான். அவன். இத்தனை வருசத்தில் நினைப்பில்கூட வராத சொல், கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் அதை எழுந்து போகச் சொல்லவில்லை.

அப்படியென்றால் இந்தப் பட்டத்தில் மட்டும் ஏன் விட்டுவிட்டான்? வெயில் உச்சந்தலையில் சுட்டது, முக்காட்டை இழுத்துவிட்டாள். சாரணை, பண்ணைக்கீரை, குப்பைமேனி, கண் போன இடமெல்லாம் பச்சை. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தை மாதத்தோடு அவளுக்கு நின்றுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. மாசி பார்த்தாள், பங்குனி பார்த்தாள், வரவில்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட இருந்தது. இனிமேல் மாதம் முழுக்கக் காட்டில் இருக்கலாம், இனிமேல் நுனி கருகாது, இந்த வருசம் பார் வெங்காயத்தை என்று. அவனுக்கு நாள் கிடைக்கவில்லை. பாட்டிலை வைத்துக்கொண்டு காத்திருந்தான், அவள் உள்ளே போகவேயில்லை. இப்போதுதான், வெங்காயம் ஊன்றிக் கொஞ்ச நாளிருக்கும், சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: ‘ஏம்புள்ள, இந்த மாசம் நீ இன்னும் தூரமாகலயா?’ கல்யாணம் ஆனதிலிருந்து அதைப் பற்றி அவன் கேட்டதேயில்லை. ஆம்பளை கேட்கிற பேச்சா அது? அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. ‘தள்ளிப்போகுதுங்க’ என்று சொல்லிவிட்டுக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்சிக்கொண்டிருந்தாள். கவனிக்கிறார் பார், வயசான காலத்தில் நம் உடம்பு மேல் ஒரு அக்கறை வருகிறது பார், மேல் வலி கால் வலி என்றால் இனி இவரிடம் சொல்லலாம் என்று. அய்யோ. களைக்கு மருந்தடிக்க நாள் பார்த்திருக்கிறான். மற்றதெல்லாம்கூடப் போகட்டும். வேனில் வந்தவர்கள் முன்னால் அசடாய் நின்றது போகட்டும், அடுப்படியில் கண் எரியக் காய்ச்சினது போகட்டும், அந்த ஒரு கேள்வி போகாது. அதை நினைக்க நினைக்க நெஞ்சுக்குள் முள் கட்டையால் கிளறுகிற மாதிரி இருந்தது. நம்பினவளை ஏமாற்றுவது பெரிய வித்தையா என்ன? கண்ணை மூடிக் கை கொடுத்தவளை எந்தக் கிணற்றிலும் தள்ளலாம்.

அவள் காய்ச்சின தண்ணீரை என்ன செய்தான்? குடம் காலியாகத்தானே வந்தது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு திட்டு இருக்கிறது, ஒரு கயிற்றுக் கட்டில் அகலம், எந்த மழைக்கும் அங்கே ஒரு புல் முளைத்ததில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டதற்குப் பாம்பு படுக்கிற இடம், போகாதே என்றான். அங்கேதான் கொட்டியிருக்கிறான். கொட்டின இடத்தில் புல் செத்திருக்கிறது. அப்படியானால் அவள் தண்ணீர் நிசம்! கை தானாக வேகமாகப் பம்பு அடித்தது. நிசம்தான், கொன்றிருக்கிறது, அவள் கண்ட கண் பொய்யில்லை. நாலடி நடப்பதற்குள் இன்னொரு நினைப்பு அதன் காலை வாரிவிட்டது. விசம் அடித்த டேங்கை எங்கே கழுவியிருப்பான்? அதே இடத்தில்தானே. செத்தது எதனால்? முருங்கைத் தண்ணீர்? அதிலும் யூரியாவைக் கலக்கினானோ? தாள் கருகருவென்று நிமிர்ந்தது இலையாலா, இவனாலா? இனி யார் சொல்வார்கள்? குனிந்து ஒரு சாரணைச் செடியைப் பார்த்தாள். இலை ஓரம் கொஞ்சம் சோர்ந்திருக்கிற மாதிரி இருந்தது. வெயிலுக்கும் சோரும், தண்ணீருக்கும் சோரும், பார்க்கிறவளின் ஆசைக்கும் சோரும். போரடியில் புல் செத்ததை ஊரே பார்க்காதபோது பார்த்த கண் இது, இந்தக் கண்ணாலேயே இப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவன் விளைச்சலைத் திருடவில்லை, வெங்காயம் நன்றாகத்தான் விளைந்தது. அவள் பார்வையைத் திருடிவிட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ரங்கநாயகியின் அடுப்புப் புகை தெரிந்தது. ரங்கநாயகி பக்கத்துத் தோட்டக்காரி, மயிலாத்தாளை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், அக்கா சொன்னாள் என்பதற்காகவே இரண்டு பட்டம் சோளத்தட்டுத் தண்ணீரை மட்டும் நம்பி வெங்காயத்தைக் களைக்குத் தின்னக் கொடுத்தவள். அப்படியும் அவள் அக்காவைக் குறை சொல்லவில்லை, தன் வீட்டுக்குள்ளேயே தேடினாள். நுனி கருகுகிற கதையை மயிலாத்தாள் அவளிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள் இல்லையா, ரங்கநாயகி அந்தக் கதையைக் கொண்டுபோய்ப் புது மருமகள் கோகிலாவின் தலையில் கட்டினாள். தூரமான நாளில் சொல்லாமல் காட்டுக்குள் வந்திருப்பாய், அதனால்தான் தண்ணீர் பலிக்கவில்லை என்று. அந்தப் பெண் இல்லை இல்லை என்று அழுதது. அப்புறம் அழுவதை விட்டுவிட்டது. அந்த மூன்று நாளும் இப்போது அதற்கு மாட்டுக் கொட்டகைதான். மூன்றாவது பட்டமாக ரங்கநாயகி வெங்காயம் ஊன்றியிருக்கிறாள், களை இப்போதுதான் இரண்டிலை விட்டிருக்கிறது. இந்த வாரம் ஆள் வைத்துக் கொத்திவிட்டால் தப்பும், விட்டால் இதுவும் போகும். இன்றைக்குத்தான் தண்ணீர் அடிக்கப் போகிறாள். அவளை ஏமாற்றியவன் அவள் கையாலேயே இன்னொரு வீட்டையும் ஏமாற்ற வைத்திருக்கிறான். சொன்னால் என்ன ஆகும்? வேனில் வந்தவர்கள், மகளிர் சங்கத்துப் பெண்கள், எல்லாரும் சிரிப்பார்கள். மயிலாத்தாள் மூளை பாட்டிலுக்குள் இருந்ததாம் என்பார்கள். சொல்லாவிட்டால்? டேங்க் காலியாகிக் காற்றைத் துப்பியது. அவள் அப்படியும் கொஞ்ச தூரம் பம்பு அடித்துக்கொண்டே போனாள்.

வரப்பில் மொபெட் வந்து நின்றது. ஆள் எதிரே வந்ததும் நினைப்பில் பழைய ‘அவர்’தான் வந்தது. தெய்வசிகாமணி இறங்கி, காட்டைச் சுற்றிப் பார்த்து, உச்சுக் கொட்டினார்.

“களை மண்டிப்போச்சே புள்ள. வெயில்ல எதுக்கு நிக்கறே? ரெண்டு நாளு உங்கண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு வாயேன். வந்து பாரு, உன்ற தண்ணி அதுக்குள்ள வேலை செஞ்சிருக்கும்.”

மயிலாத்தாள் டேங்கை இறக்கி வரப்பில் வைத்தாள்.

“எனக்கு நின்னுபோச்சுங்க.”

“என்னது?”

“மாசாமாசம் வர்றது. தையிலயே நின்னுபோச்சு. நீங்க எத்தனை நாளு காத்திருந்தாலும் இனி நான் ஊட்டுக்குள்ள போயி உக்கார மாட்டேன். மருந்து அடிக்கறதுன்னா என்ற கண்ணு முன்னாலயே அடிங்க.”

அவர் கை தானாக இடுப்பைத் தடவிச் சாவியைத் தேடியது. இல்லையென்றதும் முகம் செத்துவிட்டது. மொபெட்டின் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார்.

“உனக்காவத்தான் புள்ள பண்ணுனேன்,” என்றார் கடைசியில். “மொதப் பட்டம் ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டே. களை போகல. நீ மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு நின்னதப் பாக்க முடியல. ஊரு சிரிக்கும்னு ஒருக்கா அடிச்சேன். அப்பறம் உட முடியாமப் போச்சு. உன்ற பேரு கெடக்கூடாதுன்னுதான்.”

பாதி நிசமாகத்தான் இருக்கும். அதுதான் இன்னும் எரிந்தது.

“நுனி கருகுனப்ப, காட்டைப் பாத்தியான்னு என்னையக் கேட்டீங்களே,” என்றாள். “அதும் எனக்காவத்தானுங்களா?”

வேலி ஓரத்திலிருந்து ரங்கநாயகியின் குரல் வந்தது. முதுகில் டேங்கோடு நின்றிருந்தாள். பின்னால் கோகிலா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வரப்பை விட்டு உள்ளே வராமல் நின்றாள்.

“ஏனக்கா, வடிகட்டிக் கொண்டாந்துட்டேன். கலரு இது போதுமான்னு பாருங்க. அடிச்சுடட்டுமா?”

மயிலாத்தாள் வேலிக்குப் போனாள். சொல்லலாமா என்று அதற்குமேல் யோசிக்கவில்லை.

“அடிக்காதே ரங்கநாயகி. ஆளு வெச்சுக் களையக் கொத்து, இந்த வாரத்துலயே கொத்து. என்ற காட்டுல களை செத்தது என்ற தண்ணியால இல்ல. இவரு எனக்குத் தெரியாம மருந்து அடிச்சிருக்காரு, எல்லாப் பட்டமும். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

ரங்கநாயகி இவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். தெய்வசிகாமணி பின்னாலேயே வந்துவிட்டிருந்தார். அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்திருந்தது, டீ ஊற்றிக் கொடுக்கும்போது வருகிற சிரிப்பு.

“அம்மிணி, உங்கக்காளுக்கு மாசம் நின்னுபோச்சு,” என்றார் தணிந்த குரலில், பிரியமாக. “அந்த வயசுல பொம்பளைகளுக்குத் தலை கொஞ்சம் முன்னப்பின்னத்தான் இருக்கும். எதாச்சும் தோணும், பேசுவா. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே.”

கல்யாணமான இத்தனை வருசத்தில் முதல்முறையாகத் தன் உடம்பைப் பற்றி அவரிடம் வாய்விட்டுச் சொல்லி இன்னும் தோளில் வியர்வை காயவில்லை, அதற்குள் அதையே எடுத்து அடித்துவிட்டார்.

ரங்கநாயகியின் முகம் இளகியது. “ஆமாமுங்க மாமா, எங்க பெரியக்காளும் அப்படித்தான் இருந்துச்சு,” என்றாள். “நீங்க ஊட்டுக்குப் போயிப் படுங்கக்கா, அப்பறம் வந்து பாக்கறேன்.” வாரைச் சரிசெய்துகொண்டு பாத்தியைப் பார்க்கத் திரும்பினாள். கறக், கறக் என்று பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது.

கோகிலா நகரவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள். கண்ணை மயிலாத்தாளின் முகத்தை விட்டு எடுக்கவில்லை.

“பெரியத்தை,” என்றாள், மாமியார் காதில் விழாத குரலில். “அப்ப, எங்க வெங்காயம் போனது என்னால இல்லீங்களா?”

“இல்ல சாமி,” என்றாள் மயிலாத்தாள். “உன்னால இல்ல.” அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.